வீட்டு மின்சாரமும் குத்தகைக் காரும்: செலவை மீளப் பெறும் முறை

மோட்டார் வண்டி என்ற சொல்லோடு பெற்றோல் என்ற சொல்லும் சேர்ந்து வழங்குவது ஒரு நூற்றாண்டுப் பழக்கம். பெற்றோல் வாங்கியவர் கையில் ஒரு பற்றுச்சீட்டு இருக்கும். எத்தனை லீற்றர், என்ன விலை, எந்த நாள் என்பன அதில் அச்சாகியிருக்கும். தொழில்தருநரிடமோ வரித் திணைக்களத்திடமோ அச்சீட்டைக் காட்டினால் கேள்வி தீர்ந்துவிடும். மின்சாரத்தால் ஓடும் கார் வந்தபின் இவ்வெளிய முறை மாறிவிட்டது. இரவில் வீட்டு மின்னிணைப்பிற் காரைப் பொருத்திவிட்டு உறங்கச் செல்பவர்க்கு எவரும் பற்றுச்சீட்டுத் தருவதில்லை. மூன்று திங்களுக்கு ஒருமுறை வரும் மின்சாரப் பட்டியலிற் குளிர்சாதனப் பெட்டியும் சமையலடுப்பும் பிள்ளைகளின் படிப்பறை விளக்கும் காரும் ஒரே தொகையாகக் கலந்து நிற்கும். அத்தொகையிற் காருக்குரிய பங்கு எவ்வளவு? அதனை யாரிடம், எவ்வாறு கேட்டுப் பெறலாம்? கேட்டுப் பெறுவதனால் உண்மையில் எவ்வளவு நன்மை உண்டு? இம்மூன்று வினாக்களுக்கும் விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இஃது அயல்நாட்டு விடயமாயிற்றே, கல்லூரி மலரில் இதற்கென்ன இடம் என்று வாசகர் சிலர் எண்ணலாம். நமது பழைய மாணவரிற் பலர் அவுஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் குடியேறி வாழ்கின்றனர். மாதச் சம்பளம் பெறும் அவர்களுக்கு இது வீட்டு வரவு செலவைத் தொடும் விடயம். வர்த்தகக் கணிதம் பயிலும் மாணவர்க்கோ, பெருக்கலும் வகுத்தலும் வாழ்க்கையில் எங்கே பயன்படும் என்பதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு. எனவே அவுஸ்திரேலிய நடைமுறையை முதன்மையாகக் கொண்டு கூறி, இங்கிலாந்தின் நடைமுறையை இறுதியிற் சுருக்கமாகத் தொட்டுச் செல்வோம்.

குத்தகையின் அமைப்பு

அவுஸ்திரேலியாவிற் சம்பளம் பெறுவோர் கார் எடுக்கும் முறைகளுள் ஒன்று நொவேற்றட் லீஸ் எனப்படும் முத்தரப்புக் குத்தகை. ஊழியர், தொழில்தருநர், நிதிக் கம்பனி ஆகிய மூவரும் அதில் ஒப்பமிடுவர். ஊழியர் தெரிந்தெடுத்த காருக்குரிய தவணைப் பணத்தைத் தொழில்தருநர் நிதிக் கம்பனிக்குச் செலுத்துவார். அப்பணத்தை ஊழியரின் சம்பளத்திலிருந்து, வருமான வரி கணிப்பதற்கு முன்னரே கழித்துக்கொள்வார். காப்புறுதி, ரயர், பழுதுபார்த்தல், எரிபொருள், மின்சாரம் ஆகிய ஓட்டச் செலவுகளுக்கும் ஒரு தொகை மதிப்பிடப்பட்டு அவ்வாறே கழிக்கப்படும்.

இதில் ஒரு வரி குறுக்கிடும். தொழில்தருநர் தம் ஊழியர்க்குச் சம்பளத்திற்குப் புறம்பாக வழங்கும் நன்மைகள்மீது அவுஸ்திரேலிய அரசு தனியொரு வரி விதிக்கின்றது. அதனை இங்கு ‘நன்மை வரி’ எனச் சுருக்கி வழங்குவோம். பெற்றோற் கார்க் குத்தகையின் இலாபத்தில் ஒரு பகுதியை இவ்வரி விழுங்கிவிடும். 2022ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்திருத்தம், மின்கார்களை இவ்வரியிலிருந்து விலக்கியது. 2022 ஜூலை 1ஆம் நாளிலோ அதன் பின்னரோ முதன்முதலாகப் பயன்பாட்டுக்கு வந்த கார்களுக்கு அவ்விலக்கு அளிக்கப்பட்டது. எரிபொருட் சிக்கனமுள்ள வண்டிகளுக்கென வகுக்கப்பட்ட ஆடம்பரக் கார் வரி எல்லையைக் காரின் விலை தாண்டியிருத்தல் கூடாது என்பதும் நிபந்தனை. அவ்வெல்லை 2022–23இல் 84,916 டொலராகவும் 2024–25இல் 91,387 டொலராகவும் இருந்தது.

மின்னிணைப்பிற் பொருத்தி ஏற்றக்கூடிய ஹைபிரிட் கார்களும் முதலில் இவ்விலக்கினுள் அடங்கியிருந்தன. 2025 ஏப்ரல் 1ஆம் நாள் தொடக்கம் அவை நீக்கப்பட்டன. எனினும், அந்நாளுக்கு முன்னரே விலக்குப் பெற்றுப் பயன்பட்டு வந்து, கட்டுப்படுத்தும் ஒப்பந்தமும் உடையனவாயிருந்த ஹைபிரிட் கார்களுக்கு அவ்வொப்பந்தம் முடியும்வரை விலக்குத் தொடரும். ஒப்பந்தத்தைத் தம் விருப்பின்பேரிற் பின்னர் நீட்டித்தால் அவ்வுரிமை அற்றுப்போகும். ஹைபிரிட் கார் வைத்திருப்போர் தம் குத்தகைப் பத்திரத்தின் முடிவுத் திகதியை எடுத்துப் பார்த்துக்கொள்வது நன்று.

மீற்றரின் குழப்பம்

இனி மின்சாரத்துக்கு வருவோம். மின்சாரப் பட்டியலில் ஓர் அலகு என்பது ஒரு கிலோவாற்று மணி. நடுத்தர அளவான மின்கார் ஒன்று 100 கிலோமீற்றர் ஓடுவதற்கு 15 முதல் 18 அலகு வரையிற் செலவிடும் எனக் கொள்ளலாம். வேகம், குளிரூட்டி, மேடுபள்ளம், காலநிலை என்பவற்றுக்கேற்ப இது கூடும், குறையும். பற்றரியில் ஏற்றும்போது ஒரு பங்கு வெப்பமாக வீணாவதால், வீட்டு மீற்றர் காட்டும் அளவு, காரின் முகப்பு காட்டும் அளவினும் சிறிது மிகுந்தே நிற்கும்.

காருக்கெனத் தனி மீற்றர் வைத்தோ, தான் வழங்கிய மின்சாரத்தைத் தானே கணக்கிடும் மின்னேற்றிக் கருவியை வைத்தோ மெய்யான செலவைக் கண்டறியலாம். அதிலும் சிக்கல் உண்டு. பகலில் ஒரு விலை, மாலையில் வேறொரு விலை, நள்ளிரவில் மற்றொரு விலை என மின்சாரம் விற்கப்படுகின்றது. கூரைமீது சூரியத்தகடு உள்ள வீட்டில், காருக்குட் சென்ற மின்சாரத்தில் எத்தனை அலகு கூரையிலிருந்து வந்தது, எத்தனை அலகு கம்பனியிடம் வாங்கியது எனப் பிரித்துக் கூறுவது எளிதன்று. இவ்வளவும் செய்து ஆண்டுக்குச் சில நூறு டொலர்க் கணக்கை நிறுவுவது பலர்க்கு இயலாத காரியம்.

திணைக்களத்தின் சூத்திரம்

இவ்விடர்ப்பாட்டை நீக்குதற் பொருட்டு அவுஸ்திரேலிய வரித் திணைக்களம் 2024ஆம் ஆண்டில் ஒரு வழிகாட்டலை வெளியிட்டது. வீட்டில் மின்னேற்றிய காருக்கு, ஓடிய தூரத்தை அளவாகக் கொண்டு, கிலோமீற்றர் ஒன்றுக்கு 4.20 சதம் வீதம் செலவைக் கணித்துக்கொள்ளலாம் என்பதே அதன் சாரம். நன்மை வரிக்கு 2022 ஏப்ரல் 1ஆம் நாளிலிருந்தும், வருமான வரிக்கு 2022 ஜூலை 1ஆம் நாளிலிருந்தும் அஃது ஏற்புடையதாக்கப்பட்டது. இவ்வாறான அளவுகள் காலத்துக்குக் காலம் திருத்தப்படக் கூடியன. ஆகலின், செலவைக் கோருபவர் அந்த ஆண்டுக்குரிய எண்ணைத் திணைக்கள அறிவித்தலிற் பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

சூத்திரத்தைப் பயன்படுத்துவதும் மெய்ச்செலவைக் காட்டுவதும் அவரவர் தெரிவு. ஒரு காருக்கு எம்முறையைத் தெரிந்தாலும் அவ்வாண்டு முழுவதற்கும் அதுவே நிற்கும். அடுத்த ஆண்டில் மாற்றிக்கொள்ளலாம்.

ஓர் உதாரணம் காட்டுவோம். ஒருவரின் மின்கார் ஓராண்டில் 15,000 கிலோமீற்றர் ஓடியது. மின்னேற்றம் யாவும் வீட்டிலேயே நடந்தது. 15,000ஐ 4.20 சதத்தாற் பெருக்க 630 டொலர் வரும். அவர் மெய்யாகச் செலவிட்டது எவ்வளவு? இழப்பும் சேர்த்து 100 கிலோமீற்றருக்கு 18 அலகு எனக் கொண்டால், ஆண்டுச் செலவு 2,700 அலகு. அலகு ஒன்று 32 சதமாயின் மெய்ச்செலவு 864 டொலர். சூத்திரத்தால் அவருக்கு 234 டொலர் குறையும். நள்ளிரவுச் சலுகை விலையில் அலகு ஒன்று 8 சதமாயின் மெய்ச்செலவு 216 டொலர் மாத்திரமே. அப்பொழுது சூத்திரம் 414 டொலர் கூடுதலாக அளிக்கும். 4.20 சதம் என்பது, 100 கிலோமீற்றருக்கு 16 அலகு செலவிடும் காருக்கு அலகு ஒன்று 26.25 சதமாக அமைவதற்கு ஒப்பாகும். தம் மின்சாரப் பட்டியலில் உள்ள விலையை இவ்வெண்ணோடு ஒப்புநோக்கினால், எம்முறை தமக்கு ஏற்றது என்பதை எவரும் ஐந்து நிமிடத்திற் கண்டுகொள்ளலாம்.

வெளியிடத்தில் மின்னேற்றினால்

நெடும்பயணம் செல்வோர் வழியிலுள்ள வணிக நிலையங்களில் மின்னேற்றுவர். அந்நிலையங்கள் பற்றுச்சீட்டுத் தரும். ஆயின், 15,000 கிலோமீற்றர் முழுவதற்கும் வீட்டுச் சூத்திரத்தைப் பிரயோகித்து, வணிக நிலையச் சீட்டையும் சேர்த்து நீட்டினால், ஒரே தூரத்துக்கு இருமுறை பணம் கேட்டதாக முடியும். இதனைத் தடுக்கத் திணைக்களம் ஒரு விதி வகுத்துள்ளது. வீட்டில் ஏற்றியது நூற்றுக்கு எத்தனை, வெளியில் ஏற்றியது நூற்றுக்கு எத்தனை என்பதைச் செம்மையாகக் காட்ட இயலுமாயின் இரண்டையும் கோரலாம். பல கார்களின் கணினிப் பதிவே இப்பங்கீட்டைக் காட்டவல்லது. காட்ட இயலாதாயின் இரண்டில் ஒன்றையே கோரல் வேண்டும். சூத்திரத்தைக் கைக்கொண்டால் வணிக நிலையச் சீட்டுக்களை விட்டுவிட வேண்டும். சீட்டுக்களைக் கைக்கொண்டால் சூத்திரத்தை விட்டுவிட வேண்டும்.

முன்கூறிய உதாரணத்தில், மின்னேற்றத்தில் நூற்றுக்கு 80 பங்கு வீட்டில் நிகழ்ந்ததாகக் காரின் பதிவு காட்டுமாயின், 12,000 கிலோமீற்றருக்குச் சூத்திரம் 504 டொலர் அளிக்கும். எஞ்சிய 20 பங்குக்குரிய வணிக நிலையச் சீட்டுக்களைத் தனியே சேர்த்துக்கொள்ளலாம். அலுவலகத் தரிப்பிடத்தில் இலவசமாக மின்னேற்றுவோரும் இந்நியாயத்தை நினைவிற் கொள்வது தகும். வீட்டு மின்சாரத்துக்கென வகுத்த அளவை, பிறர் மின்சாரத்தில் ஓடிய தூரத்துக்குக் கேட்பது முறையாகாது.

ஹைபிரிட் காருக்கு

மின்சாரம், பெற்றோல் ஆகிய இரண்டாலும் ஓடும் ஹைபிரிட் கார்களை வழிகாட்டல் முதலிற் புறத்தே நிறுத்தியது. பின்னர் அவற்றுக்கும் ஒரு வழி வகுக்கப்பட்டது. கணக்கு இவ்வாறு அமையும். ஆண்டில் வாங்கிய பெற்றோலைச் சீட்டுக்களிலிருந்து கூட்டிக் காண்க. காரின் பெற்றோல் நுகர்வு அளவைக்கொண்டு, அவ்வளவு பெற்றோலால் எத்தனை கிலோமீற்றர் ஓடியிருக்கும் என வகுத்துக் காண்க. மொத்தத் தூரத்திலிருந்து அதனைக் கழிக்க எஞ்சுவது மின்சாரத்தால் ஓடிய தூரம். அதனைக் கிலோமீற்றர் அளவாற் பெருக்குக.

உதாரணமாக, மொத்தத் தூரம் 15,000 கிலோமீற்றர். வாங்கிய பெற்றோல் 300 லீற்றர். நுகர்வு 100 கிலோமீற்றருக்கு 6 லீற்றர் எனக் கொள்வோம். பெற்றோலால் ஓடியது 5,000 கிலோமீற்றர். மின்சாரத்தால் ஓடியது 10,000 கிலோமீற்றர். 4.20 சதப்படி மின்செலவு 420 டொலர். பெற்றோற் சீட்டுக்களைத் தொலைத்தவர்க்கு இக்கணக்கின் முதற்படியே இல்லாதொழியும் என்பதைக் கவனிக்க.

விலக்கை இழந்த ஹைபிரிட் காருக்கு வேறொரு பயனும் உண்டு. ஊழியர் தம் கைப்பணத்தில் மின்சாரச் செலவைச் செய்து, அதனை மீளப் பெறாது விட்டால், உரிய உறுதிமொழிப் பத்திரத்தின்பேரில் அத்தொகையை ஊழியரின் பங்களிப்பாகக் கொண்டு, நன்மை வரிக்குரிய பெறுமதியிற் கழித்துக்கொள்ள இடமுண்டு.

மெய்யான நன்மை எவ்வளவு?

இங்கே பலர் தடுமாறும் இடத்துக்கு வருகின்றோம். 630 டொலரை மீளப் பெற்றவர், தொழில்தருநர் தமக்கு 630 டொலர் கொடுத்ததாக எண்ணி மகிழ்கின்றார். அஃது அவ்வாறன்று. முத்தரப்புக் குத்தகையில் ஓட்டச் செலவுக்கென ஒதுக்கிய பணம் ஊழியரின் சொந்தச் சம்பளமே. வரி கழிக்குமுன் எடுத்துவைத்த பணம் வரி கழியாமல் திரும்பி வருகின்றது. ஆதலின், உண்மை இலாபம் அத்தொகைமீது செலுத்தியிருக்க வேண்டிய வரி மாத்திரமே. 2024–25இல் 45,001 டொலர் முதல் 135,000 டொலர் வரையான வருமானப் படிக்கு நூற்றுக்கு 30 வருமான வரியும், நூற்றுக்கு 2 மருத்துவ வரியும் இருந்தன. 630 டொலரில் நூற்றுக்கு 32 என்பது 201 டொலர் 60 சதம். ஆண்டு முழுவதும் கணக்கு வைத்தவர்க்குக் கிடைக்கும் ஊதியம் அதுவே.

அத்தொகை சிறிதெனினும் புறக்கணிக்கத் தக்கதன்று. கோராமல் விட்டால் ஒதுக்கிய பணம் கணக்கில் தேங்கிக் கிடக்கும். குத்தகை முடிவில் அது சம்பளமாகத் திரும்பி வரும்போது வழக்கமான வரி அதன்மீது விழும். ஐந்தாண்டுக் குத்தகையில் இவ்வாறு கைநழுவுவது ஆயிரம் டொலர் அளவில் ஆகும். மறுபுறத்தில், இருநூறு டொலரை எண்ணிப் பொய்க்கணக்கு எழுதுவோர், அற்பத்துக்காகத் தம் பெயரைப் பணயம் வைக்கின்றனர்.

வேறு இரண்டு செய்திகளையும் அறிந்திருத்தல் வேண்டும். முதலாவது, வீட்டுச் சுவரிற் பொருத்தும் மின்னேற்றிக் கருவியின் விலையும் அதனைப் பொருத்தும் கூலியும் காரின் ஓட்டச் செலவாகக் கொள்ளப்படமாட்டா. மின்காருக்குரிய விலக்கு அக்கருவியைச் சாராது. தொழில்தருநர் அதனை வாங்கிக் கொடுத்தால் அது தனியொரு நன்மையாகி வரிக்குட்படும்.

இரண்டாவது, வரியிலிருந்து விலக்குப் பெற்றாலும், காரின் பெறுமதி ஊழியரின் ஆண்டு வருமான அறிக்கையிற் குறிக்கப்படும். காரின் அடிப்படைப் பெறுமதியில் நூற்றுக்கு 20ஐ எடுத்து, அதனை 1.8868ஆற் பெருக்குவது சாதாரண முறை. 60,000 டொலர்க் காருக்கு அது 22,641 டொலராகும். இத்தொகைமீது வருமான வரி இல்லை. ஆயின், பல்கலைக்கழகக் கல்விக்கடனைத் திருப்பிச் செலுத்தும் வீதத்தைத் தீர்மானிக்கும்போது இது வருமானத்தோடு கூட்டப்படும். மருத்துவ மேல்வரியையும் பிள்ளைகளுக்கான குடும்பக் கொடுப்பனவையும் கணிக்கும்போதும் இத்தகைய நன்மைகள் கருத்திற் கொள்ளப்படும். கல்விக்கடன் உள்ள இளம் பட்டதாரி ஒருவர், மின்சாரச் செலவில் இருநூறு டொலர் மிச்சம் பிடித்து, கடன் தவணையில் அதனினும் பன்மடங்கை அவ்வாண்டிலேயே செலுத்த நேரலாம். கடன் விரைவில் தீர்வதும் ஒரு நன்மையே என்பது உண்மை. ஆயினும், கையிலுள்ள காசைக்கொண்டு மாதத்தை ஓட்ட வேண்டியவர், ஒப்பமிடுமுன் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

வைத்திருக்க வேண்டிய பதிவுகள்

நன்மை வரி ஆண்டு ஏப்ரல் 1இற் தொடங்கி மார்ச் 31இல் முடியும். ஆகலின், மார்ச் 31ஆம் நாள் காரின் தூரமானி காட்டும் எண்ணைப் படமெடுத்து வைத்துக்கொள்ளல் முதற் கடமை. அவ்வாண்டுக்குரிய வீட்டு மின்சாரப் பட்டியல் ஒன்றையும், வணிக நிலையச் சீட்டுக்களையும், காரின் மின்னேற்றப் பதிவையும் அதனோடு சேர்த்து வைக்க.

முத்தரப்புக் குத்தகையின்றித் தம் சொந்தக் காரைத் தொழிலுக்குப் பயன்படுத்துவோர், வருமான வரியில் இச்செலவைக் கோரலாம். அவர்களது ஆண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. தொடர்ந்து 12 வாரத்துக்குப் பயணக் குறிப்பேடு ஒன்று எழுதி, தொழிற்பயணத்தின் பங்கை நிறுவ வேண்டும். அக்குறிப்பேடு பொதுவாக ஐந்தாண்டுக்குச் செல்லும். வீட்டிலிருந்து அலுவலகம் சென்று மீளும் நாளாந்தப் பயணம் பெரும்பாலும் தொழிற்பயணமாகாது. குறிப்பேடு எழுத விரும்பாதோர், ஆண்டுக்கு 5,000 கிலோமீற்றர் வரையில் ஒரு பொது அளவைக் கோரலாம். 2024–25இல் அது கிலோமீற்றருக்கு 88 சதம். அதனுள் மின்சாரமும் அடங்குதலால் அதன்மேல் 4.20 சதத்தைக் கூட்டுதல் கூடாது.

இங்கிலாந்தின் நடைமுறை

இங்கிலாந்திலும் இதே சிக்கல் எழுந்தது. கம்பனி வழங்கிய காருக்கு ஊழியர் வீட்டில் ஏற்றிய மின்சாரத்தின் விலையைத் தொழில்தருநர் திருப்பிக் கொடுத்தால், அதற்கு வரி உண்டெனவே அந்நாட்டு வரித் திணைக்களம் முன்னர் கருதியது. 2023ஆம் ஆண்டில் அக்கருத்தை மாற்றி, அத்தொகைக்குத் தனி வரி இல்லையெனக் கூறியது. கொடுத்த பணம் அக்காரின் மின்சாரத்துக்கே உரியது எனக் காட்டக்கூடியதாயிருத்தல் வேண்டும். தொழிற்பயணத்துக்குரிய அளவு, 2018ஆம் ஆண்டில் மைல் ஒன்றுக்கு 4 பென்சாகத் தொடங்கியது. 2025 செப்ரெம்பரில் வீட்டு மின்னேற்றத்துக்கு 8 பென்ஸ், வெளியிட மின்னேற்றத்துக்கு 14 பென்ஸ் என முதன்முறையாக இரண்டாகப் பிரிக்கப்பட்டது. வீட்டு மின்சாரத்துக்கும் வீதியோர மின்சாரத்துக்கும் விலை வேறுபாடு பெரிது என்பதை அத்திணைக்களமும் ஏற்றுக்கொண்டமையை இது காட்டும்.

முடிவாக

குத்தகைப் பத்திரத்தில் ஒப்பமிடுமுன் நான்கு வினாக்களை எழுப்பி விடை பெறுக. இக்கார் வரி விலக்குக்குரியதா, அவ்விலக்கு எந்நாள்வரை? வீட்டு மின்சாரச் செலவை எம்முறையில் திருப்பித் தருவர்? ஒதுக்கிய பணம் மிஞ்சினால் அஃது எவ்வாறு திரும்பி வரும்? வருமான அறிக்கையிற் குறிக்கப்படும் தொகை என் கடனையும் கொடுப்பனவையும் எவ்வாறு பாதிக்கும்? இவற்றுக்கு எழுத்தில் விடை தர இயலாத முகவரிடம் அவசரப்பட்டு ஒப்பமிட வேண்டியதில்லை. தம் நிலைமை சிக்கலானதாயின் பதிவுபெற்ற வரி ஆலோசகர் ஒருவரை நாடுதல் நலம்.

மாணவ நண்பர்களும் தம் வீட்டு மின்சாரப் பட்டியலை ஒருமுறை கையிலெடுத்து, எப்பொருள் எத்தனை அலகைச் செலவிடுகின்றது எனக் கணித்துப் பார்ப்பாராக. அளந்தறியும் பழக்கம் இளமையில் வாய்த்தோர்க்கு, எந்நாட்டில் எந்தப் புதுமை வந்தாலும் அதன் கணக்கை அறிந்துகொள்ளுதல் அரிதன்று.